வீட்டில் ஜாவா 8, லேபில் ஜாவா 11: ஓர் அரியர் தீர்ந்த கதை

நேற்று ரிசல்ட் வந்தது. வெப் சர்வீஸ் செய்முறைத் தேர்வில் ஒருவழியாகத் தேறிவிட்டேன், இரண்டாவது முறையாக எழுதி. முதல் முறை தவறியதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. என் நிரலில் ஒரு தவறும் இல்லை.

அன்று அம்பாசமுத்திரத்தில் பஸ் ஏறியதிலிருந்து பாளையங்கோட்டையில் இறங்கும்வரை அதே நிரலை மனத்துக்குள் ஓட்டிக்கொண்டே வந்தேன். இரண்டு எண்களைக் கூட்டித் தரும் சோப் சேவை; சோப் என்பது வலைவழியே நிரல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் ஒரு முறை. (குளிக்கிற சோப்பு இல்லை என்று அம்மாவுக்கு விளக்கியது தனிக்கதை.) லேபில் தட்டச்சு செய்து கம்பைல் (நிரலை ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றுவது) கொடுத்தால், ‘ஜாவாக்ஸ்.ஜேடபிள்யூஎஸ் என்ற பேக்கேஜ் இல்லை’ என்கிறது. எழுத்துப்பிழை என்று நினைத்து நாற்பது நிமிடம் திருத்தித் திருத்தி அடித்தேன். போயிற்று.

காரணம் சின்னது. வீட்டில் என்னிடம் இருந்தது ஜாவா 8. அதில் சோப் நூலகம் (அதற்கான ஆயத்த நிரல்களின் தொகுப்பு) உள்ளேயே இருக்கிறது. 2018இல் வந்த 11ஆம் பதிப்பில் அதை நீக்கிவிட்டார்கள். சேவையை அழைப்பதற்கான நிரலை உருவாக்கித் தரும் டபிள்யூஎஸ்இம்போர்ட் கருவியும் கூடவே போய்விட்டது. லேபில் 11. அதில் அந்த நூலகத்தை ஜார்களாக (ஜாவா கிளாஸ்களைக் கட்டிவைத்த கோப்புகள்) நாமே சேர்க்க வேண்டும்.

ஆகவே உட்கார்ந்ததும் முதலில் ஜாவா பதிப்பைப் பாருங்கள். கேள்வித்தாளை அப்புறம் படிக்கலாம். மிகையாகத் தோன்றும்; நாற்பது நிமிடம் இழந்தவன் சொல்கிறேன்.

மற்றவை:

- பிழைகள் ஐம்பது வரும். முதல் வரியை மட்டும் படியுங்கள்.
- கிளாஸ்பாத் என்பது கிளாஸ்களையும் ஜார்களையும் ஜாவா தேடும் இடங்களின் பட்டியல். லினக்ஸில் அதைப் பிரிப்பது முக்காற்புள்ளி, விண்டோஸில் அரைப்புள்ளி. லினக்ஸில் அரைப்புள்ளி போட்டால் கட்டளை அங்கேயே முடிந்துவிடும்.
- ஜார்கள் இருக்கும் லிப் அடைவுக்கு (ஃபோல்டருக்கு), எல்லா ஜார்களையும் குறிக்க நட்சத்திரக் குறி போட்டால் மேற்கோளுக்குள் போடுங்கள். உள் அடைவுகளை அது பார்க்காது. நடப்பு அடைவுக்கான புள்ளியையும் சேருங்கள்.
- கம்பைலுக்குக் கொடுத்த அதே கிளாஸ்பாத்தை ஓட்டும்போதும் கொடுக்க வேண்டும்.
- நிரல் எழுதும் மென்பொருளான எக்லிப்ஸின் பில்ட் பாத்தில் சேர்த்த ஜார், சேவையை ஓட்டும் சர்வரான டாம்கேட்டுக்குத் தானாகப் போய்ச் சேராது. வெப்-இன்ஃப் அடைவின் லிப்புக்குள் போடுங்கள்.

இன்னொரு குழி: ஜார் இருந்தும் பிழை வரலாம். புதிய ஜார்களில் ஜாவாக்ஸ் என்ற பெயர் ஜகார்த்தா என்று மாறியிருக்கிறது. ஜார் கட்டளையால் உள்ளே இருப்பதைப் பட்டியலிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். இரண்டாம் முறை என்னைக் காப்பாற்றியது இதுதான். நிரலில் இம்போர்ட் வரிகளை மாற்றினேன், ஓடியது.

வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) புறத்தேர்வாளர் கேட்டது ஒன்றே ஒன்று: கிளாஸ்நாட்ஃபவுண்ட், நோகிளாஸ்டெஃப்ஃபவுண்ட் என்ற இரண்டு பிழைகளுக்கும் என்ன வேறுபாடு? முன்னது, பெயர் சொல்லி ஏற்றச் சொன்ன கிளாஸ் கிடைக்காதபோது வருவது. பின்னது பெரும்பாலும், கம்பைல் நேரத்தில் இருந்தது ஓடும்போது காணாமல் போவதால் வருவது என்றேன். கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஜார்கள் எந்த அடைவில் இருக்கின்றன என்று தேர்வன்று யாரும் சொல்லமாட்டார்கள். நான் முந்தின நாளே போய், “அண்ணாச்சி, அந்த லிப் அடைவு எங்கே இருக்கிறது?” என்று லேப் உதவியாளரிடம் கேட்டு வைத்துக்கொண்டேன். சிரித்துக்கொண்டே காட்டினார். போன முறையும் கேட்டிருந்தால் காட்டியிருப்பாராம்.