ஒரு நிறுத்தம் முன்னதாக

ஈப்போவிலிருந்து வந்த ஈடிஎஸ் என்ற மின்சார விரைவு ரயிலில் "கோலாலம்பூர்" என்று அறிவித்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். ஊர்ப் பெயரையே சொல்லிவிட்டார்கள், வேறு என்ன வேண்டும்? ரயில் நகர்ந்த பிறகு பார்த்தால் என்னோடு இறங்கியவர்கள் ஐந்தாறு பேர்தான்.

"பிள்ளை, கேஎல் சென்ட்ரலுக்குப் போக வேண்டியவரா?" என்று பெஞ்சில் இருந்த பெரியவர் ஒருவர் தமிழில் கேட்டார். என் பெட்டியின் அளவே காட்டிக் கொடுத்திருக்க வேண்டும். "இப்போது ஊரின் பெரிய நிலையம் அதுதானே; அடுத்த நிறுத்தம்தான். கொமுட்டர் ரயில் வந்துகொண்டே இருக்கும். இறங்கியதுதான் இறங்கினீர்கள், வெளியே போய்க் கட்டடத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்."

சாலையைக் கடந்து நின்று திரும்பிப் பார்த்தேன். குதிரை லாட வளைவுகள், வரிசையாகச் சிறு குவிமாட மண்டபங்கள், எல்லாம் வெள்ளை. ஆர்தர் பெனிசன் ஹப்பக் வடிவமைத்து 1910இல் கட்டி முடித்த நிலையம் இது. நம் எழும்பூர் நிலையம் 1908இல் திறக்கப்பட்டது. சிவப்பைத் துடைத்துவிட்டுச் சுண்ணாம்பு அடித்த அதன் தங்கை என்றே எனக்குத் தோன்றியது. எதிரே ரயில்வே தலைமையகம், அதுவும் ஹப்பக்கின் கைவண்ணம்தான். இங்கிலாந்து விதிப்படி மூன்றடிப் பனியைக் கூரை தாங்க வேண்டும் என்று யாரோ அடம்பிடித்ததால் நிலையத்தின் வேலை தாமதமானது என்று ஊரில் ஒரு கதை உலவுகிறது. வியர்வையைத் துடைத்துக்கொண்டே அதைக் கேட்க வேண்டும்.

கட்டடத்துக்குள் ஒரு காலத்தில் ஹோட்டலும் இருந்தது. அது மூடிப் பல ஆண்டுகள் ஆகின்றன. இவ்வளவு அழகை வைத்துக்கொண்டு நகரம் இதைப் பாதி மறந்துவிட்டது; எனக்கு அதில் கோபம்தான்.

திரும்பி வந்தபோதும் பெரியவர் அங்கேயே இருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து குமாஸ்தா வேலைக்கு வந்தவர் அவருடைய தாத்தா. வெள்ளீயத்தைத் துறைமுகப் பக்கம் கொண்டுபோக 1886இல் கிள்ளான் திசையில் இந்நகரின் முதல் ரயில் பாதையைப் போட்டார்கள். பிறகு பாதைகள் நீள நீள, தண்டவாள வேலைக்குத் தமிழ்நாட்டுக் கூலிகளும் அலுவலகங்களுக்கு இலங்கைத் தமிழர்களும் வந்து சேர்ந்தார்கள். நகரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர் இவர். "சரக்கு வண்டிகளைப் பிரித்துக் கோக்கும் யார்டு எங்கள் வீட்டுக்குப் பின்னால். இரவு முழுக்க இரும்புச் சத்தம். அது இல்லாவிட்டால் தூக்கம் வராது. அந்த யார்டில்தான் உங்கள் சென்ட்ரலைக் கட்டியிருக்கிறார்கள்" என்றார். 'உங்கள்' என்பதைக் கொஞ்சம் அழுத்தினார்.

2001இல் திறந்த கேஎல் சென்ட்ரலுக்கு முகமே கிடையாது. ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கிஷோ குரோகாவாவின் வடிவமைப்பு. ஆனாலும் வெளியே நின்று படம் எடுக்கப் போனால் வணிக வளாகமும் அடுக்குமாடிகளும்தான் சிக்குகின்றன. உள்ளே போனால் என் புகார் பாதி கரைந்துவிட்டது. வடக்கே தாய்லாந்து எல்லையிலுள்ள பாடாங் பெசார் வரை ஓடும் ஈடிஎஸ், புறநகர் கொமுட்டர், எல்ஆர்டி என்ற நகர ரயில், எல்லாம் ஒரே கூரையின் கீழ். 57 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் விமான நிலையத்துக்கு 28 நிமிடத்தில் விரைவு ரயில். காசு மிச்சம் பிடிக்க நினைப்பவர்களுக்குக் கீழ்த்தளத்தில் பஸ் உண்டு. மோனோரயில் மட்டும் ஒட்டாமல் நிற்கிறது. கடைகளைத் தாண்டி நடக்க வேண்டும். அந்த வணிக வளாகம் வருவதற்கு முன் வெளியே தெருவழியாகத்தான் போனார்களாம்.

ஈடிஎஸ்ஸில் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நேரே பிளாட்பாரத்துக்கு இறங்கிவிட முடியாது. மேலே கூடத்தில் காத்திருந்து, கதவு திறந்த பிறகே டிக்கெட்டைக் காட்டி இறங்க வேண்டும். கடைசி நிமிடத்தில் ஓடி வந்து ஏறும் நம் வழக்கம் இங்கே செல்லாது. நீண்ட விடுமுறைகளில் டிக்கெட் வேகமாகத் தீர்ந்துவிடும்; முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

மறுநாள் காலை பத்துமலைக்குக் கொமுட்டரில் புறப்பட்டேன். மகளிர் பெட்டியில் இடம் கிடைத்தது. சென்ட்ரலை விட்டதும் முதல் நிறுத்தம் பழைய நிலையம். கதவு திறந்தது. பெஞ்சை எட்டிப் பார்த்தேன். பள்ளிப் பையன் ஒருவன் காலை நீட்டி உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.