தெற்கு அறைக் கதவு

2024 நவம்பர் 9, சனி

தெற்கு அறைக் கதவு பிடிக்கிறது. தாழ்ப்பாள் பக்கம், மேலே ஒரு சாண் நீளத்துக்கு. குடிவந்த அன்று சுண்டுவிரலால் தள்ளினாலே திறந்தது.

நவம்பர் 11, திங்கள்

சிங்க்குக்குக் கீழே இருக்கும் அலமாரியைக் காலிசெய்து டார்ச் அடித்துப் பார்த்தேன். ப்ளைவுட் பலகையில் ஐ.எஸ். 710 முத்திரை இருக்கிறது, ஈரம் தாங்கும் ப்ளைவுட்டுக்கான இந்தியத் தரம். 72 மணி நேரம் தண்ணீரில் கொதிக்கவைத்தாலும் ஒட்டு விடக்கூடாது என்பது அந்தத் தரத்துக்கான சோதனை. அதற்காகத்தான் கூடுதல் காசு கொடுத்தோம். ஆனால் குழாய்க்கு ஓட்டை போட்டவர்கள் வெட்டுவாயை அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். ஈரம் ஏறுவதே அந்த வழியாகத்தான். ஒட்டு தாங்கும், மரம் ஊதிவிடும். சிலிகான் ட்யூப் வாங்கி வந்து விரலால் அழுத்தி அடைத்தேன்.

வலது மூலைச் சட்டத்தின் அடியில் கொஞ்சம் மாவு. மைதா மாதிரி. துடைத்துவிட்டேன்.

நவம்பர் 12, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் அப்பாவுக்குக் காய்ச்சல் இல்லையாம். நாளைக்குத்தான் சொல்வார்களாம்.

நவம்பர் 17, ஞாயிறு

"ஒரு இழை இழைச்சு விடச் சொல்லேன், அஞ்சு நிமிஷ வேலை" என்று அண்ணன் போனில் சொன்னான். ஆசாரி வந்தார். இழைப்புளியைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. "மேல் விளிம்பைத் தடவிப் பாரும்மா" என்றார். ஸ்டூல் போட்டு ஏறினேன். கைக்குச் சொரசொரவென்று வெறும் மரம். பாலிஷ் போட்டவர்கள் கண்ணில் படும் பக்கமெல்லாம் பளபளவென்று போட்டுவிட்டு மேலேயும் கீழேயும் தொடவே இல்லை. "இது வழியாத்தான் ஈரத்தைக் குடிக்குது" என்றார்.

மரம் நீளவாக்கில் அவ்வளவாக மாறாது, அகலவாக்கில்தான் உப்பும். இப்போது இழைத்தால் பங்குனியில் விரல் போகிற அளவுக்கு இடைவெளி விழும், அப்புறம் இழைத்ததை ஒட்டவைக்க முடியாது. மாசி வெயில் வரட்டும், காய்ந்தபின் மேலும் கீழும் அடைத்துவிட்டு அப்போது பார்க்கலாம் என்கிறார். அதுவரை பிடிக்கிற இடத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்க்கச் சொன்னார். தேய்த்தேன். கொஞ்சம் இளகியது.

அவர் சொல்வது சரிதான். ஆனால் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வருகிறவர் இந்தக் கதவை எப்படி இழுப்பார்? ஒரு கையை விட்டாலே போதும், விழுந்துவிடுவார். மாசிவரை எப்படிக் காத்திருப்பது? ராத்திரி முழுக்க இதே நினைப்பு.

நவம்பர் 18, திங்கள்

மறுபடி மாவு. பிரஷ்ஷால் சுத்தமாக எடுத்துவிட்டு, அடியில் கறுப்புத் தாள் விரித்து வைத்தேன்.

நவம்பர் 23, சனி

பழைய வீட்டு மர பீரோவைத் தெற்கு அறைக்கு மாற்றியாயிற்று. மேல்தட்டில் அப்பாவின் காபி டம்ளர் வைத்த வெள்ளை வட்டங்கள், ஒன்றின்மேல் ஒன்றாக. அந்தக் காலத்து அரக்கு பாலிஷ், சூடும் ஈரமும் பட்டால் வெளுத்துவிடும். துணியில் சொட்டு ஸ்பிரிட் தொட்டு, அழுத்தாமல் ஒருமுறை ஓட்டினால் போய்விடும். செய்யத் தெரியும். கை போகவில்லை.

நவம்பர் 30, சனி

ஃபெஞ்சல் புயல். மூன்று மணியிலிருந்து கரண்ட் இல்லை. ஜன்னல் சட்டத்து மூலையில் சாக்கைத் திணித்திருக்கிறேன்.

டிசம்பர் 1, ஞாயிறு

புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் பெய்திருக்கிறதாம். ஆஸ்பத்திரிக்கு லைன் கிடைக்கவில்லை. தெற்கு அறைக் கதவு தோள் கொடுத்துத் தள்ளினாலும் அசையவில்லை. காலையிலிருந்து பதினாறு தடவை போன் போட்டேன்.

டிசம்பர் 3, செவ்வாய்

பேசினார். "வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சா?" என்றுதான் முதலில் கேட்டார்.

எல்லா அலமாரிக் கதவுகளையும் திறந்துபோட்டு ஃபேன் ஓடுகிறது. காய்ந்த துணியால்தான் துடைக்கிறேன், மரத்தின் ரேகை போகிற திசையிலேயே. வெயிலில் வைக்கக் கூடாது, சட்டென்று காய்ந்தால் வெடித்துவிடும்.

டிசம்பர் 8, ஞாயிறு

கறுப்புத் தாளில் குட்டியாக ஒரு குவியல். சட்டத்தில் இரண்டு ஓட்டைகள், குண்டூசித் தலை அளவுக்கு. உளு. ஆசாரி நகத்தால் கீறிப் பார்த்து, "இது வெள்ளைம்மா, வைரமே இல்ல" என்றார். வைரம் மரத்தின் கெட்டியான நடுப்பகுதி, வெள்ளை அதைச் சுற்றியிருக்கும் வெளிப்பகுதி. வெள்ளையில் மாவுச்சத்து இருக்கும், அதற்குத்தான் இந்த வண்டு வரும். பெரிய பலகைகளுக்கெல்லாம் முத்திரை பார்த்து வாங்கினேன், இந்த ஒரு முழச் சட்டத்தைக் கேட்காமல் விட்டேனே. இப்போதைக்கு ஊசியில் மருந்து ஏற்றியிருக்கிறார். தேக்கில் மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

டிசம்பர் 13, வெள்ளி

தீபம். நிலைவாசலில் எண்ணெய் ஊறாமல் இருக்க அகலுக்கு அடியில் சின்னத் தட்டு வைத்தேன். திங்கட்கிழமை அனுப்புகிறார்களாம்!

டிசம்பர் 15, ஞாயிறு

கதவைக் கழற்றச் சொல்லிவிட்டேன். நாலு கீல், அரை மணி நேரம். சுவரில் சாய்த்தால் வளைந்துவிடும் என்று, ஹாலில் மூன்று கட்டைகள் போட்டுப் படுக்கவைத்தோம். வாசலுக்குப் பச்சைத் திரை. வாக்கரை நானே பிடித்துக்கொண்டு நாலு தடவை போய் வந்து பார்த்தேன். இடிக்கவில்லை.

டிசம்பர் 16, திங்கள்

காலை ஆறு மணி. கறுப்புத் தாளில் மாவு. மூன்றாவது ஓட்டை.