ஹாம்பர்க்கில் கொசுறு

ஏப்ரல் 14, ஞாயிறு

மீன் சாப்பிடாதவனுக்கு மீன் சந்தையில் என்ன வேலை? வேடிக்கை பார்க்கத்தான். காலை ஐந்தரைக்கு எல்பே ஆற்றங்கரையில் நின்றேன். காற்று காதை அறுத்தது. ஜெர்மனியில் ஞாயிறன்று கடைகள் அடைத்துக் கிடக்கும். இந்தச் சந்தை மட்டும் 1703 முதல் ஞாயிறுகளில் கூடுகிறது. பிடித்த மீன் திங்கள்வரை தாங்காது என்று கொடுத்த சலுகை. வழிபாட்டு நேரத்துக்குள் கடையைக் கட்டிவிட வேண்டும். இன்றும் ஒன்பதரைக்குக் கெடு.

வண்டிமேல் நின்ற ஒருவர் தொண்டை கிழியக் கத்துகிறார். புகைபோட்ட விலாங்கு ஒன்றைப் பைக்குள் போட்டு, "பத்து யூரோ!" என்கிறார். யாரும் அசையவில்லை. இன்னொன்று போடுகிறார். கூட்டம் சிரிக்கிறது. மூன்றாவதும் உள்ளே போன பிறகுதான் ஒரு கை நீள்கிறது. அட, இது நம் கொசுறு அல்லவா! விலையைக் குறைக்க மாட்டார், பையைத்தான் கனமாக்குவார்.

நான் பழக்கூடை வாங்கினேன். அன்னாசி ஒன்று கேட்காமலே வந்து விழுந்தது. அம்மாவிடம் போனில் சொன்னதும் முதல் கேள்வி: "கொசுறு அவ்வளவுதானா?"

ஏப்ரல் 17, புதன்

மகளை 'டோம்' பொருட்காட்சிக்கு அழைத்துப்போனேன். புதன்கிழமை ராட்டினக் கட்டணம் குறைவு. டோம் என்றால் பேராலயம். அந்தக் காலத்தில் மழைக்கு அங்கே ஒதுங்கிய வியாபாரிகள் உள்ளேயே கடை விரித்தார்களாம். பேராலயத்தை இடித்து இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. பெயர் மட்டும் ராட்டினங்களோடு ஒட்டிக்கொண்டது. எங்களுக்கும் மழை. சர்க்கரையில் வறுத்த பாதாமைக் கொறித்தபடி ஒரு கடைக் கூரையடியில் அரை மணி நேரம் ஒதுங்கினோம்.

ஏப்ரல் 19, வெள்ளி

இசேமார்க்ட். மெட்ரோ ரயில் பாலத்தின் அடியில் அரை கிலோமீட்டருக்கும் மேல் நீளும் சந்தை. செவ்வாயும் வெள்ளியும் கூடும். வெள்ளை அஸ்பாரகஸ் என்ற தண்டுக் காய்கறி வந்துவிட்டது. விலையைக் கேட்டு, என் அரைகுறை ஜெர்மனில் ஒரு யூரோ குறைக்கச் சொன்னேன். கடைக்கார அம்மாள் பேசவில்லை. சிலேட்டில் எழுதியிருந்த விலையை விரலால் ஒருமுறை தட்டினார். கூசிப்போனேன்.

பக்கத்துக் கடையில் முட்டை வாங்கித் திரும்பினால், இறைச்சிக் கடைக்காரர் குனிந்து மகளிடம் ஒரு துண்டு தொத்திறைச்சியை நீட்டுகிறார். குழந்தைகளுக்கு இங்கே அது வழக்கமாம். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் விழுங்கிவிட்டாள்.

சரியாக அப்போது அம்மாவின் அழைப்பு. "இன்றைக்குக் கொசுறு கிடைத்ததா?"

"கிடைத்தது அம்மா, பேத்திக்கு."

என்ன கொசுறு என்று அம்மா கேட்பதற்குள், நல்லவேளை, தலைக்குமேல் ரயில் வந்தது.