பேட்டரியில் ஓடும் ப்ளூடூத் ஸ்பீக்கர்: இரைச்சலைத் தேடி மூன்று வாரம்

ஒரே ஒரு 18650 செல் (மறுபடி சார்ஜ் செய்யக்கூடிய லித்தியம் பேட்டரி), சார்ஜ் செய்ய டிபி4056 போர்டு, 5 வோல்ட்டாக உயர்த்த எம்டி3608, ஒரு ப்ளூடூத் மாட்யூல், பிஏஎம்8403 ஆம்ப்ளிஃபையர், 4 ஓம் ஸ்பீக்கர் இரண்டு. முதல் நாளே பாடிவிட்டது. பாட்டை நிறுத்தியதும்தான் தெரிந்தது, உள்ளே கொசு பறப்பதுபோல ஒரு கீச்சொலி. அதற்கு அடியில் 'டிர்ர்ர்' என்று இன்னொரு சத்தம்.

கீச்சொலிக்குக் காரணம் எம்டி3608. அது 1.2 மெகா ஹெர்ட்ஸில் (நொடிக்கு 12 லட்சம் முறை) ஆன்-ஆஃப் ஆகிறது, அது நம் காதுக்கு எட்டாது. ஆனால் சுமை (அதிலிருந்து இழுக்கும் கரண்ட்) குறைந்தால் விட்டுவிட்டுத் துடிக்கும், அந்தத் துடிப்பு காதில் விழும் அளவுக்கு இறங்கிவிடும். பாட்டு நின்ற பிறகுதான் சத்தம் தெளிவாகக் கேட்டதும் அதனால்தான். பிஏஎம்8403 2.5 வோல்ட்டிலிருந்தே வேலை செய்யும் என்பதால் அதை நேராக செல்லிலேயே இணைத்தேன். 5 வோல்ட்டில் 3 வாட் கிடைத்த இடத்தில், 3.7 வோல்ட்டில் கணக்குப்படி சுமார் 1.6 வாட்தான். ஓர் அறைக்கு அது போதும். கீச்சொலி போயே போய்விட்டது.

'டிர்ர்ர்' மட்டும் போகவில்லை. செல் பக்கத்தில் 1000 மைக்ரோஃபேரட் கெபாசிட்டர் போட்டேன், கொஞ்சம் அடங்கியது. மாட்யூலுக்குத் தனியாக, வோல்ட்டை நிலையாக வைக்கும் 3.3 வோல்ட் ரெகுலேட்டர் வைத்தேன், மாற்றமே இல்லை. இரண்டு வாரம் இப்படியே போனது.

அப்புறம் ஒரு இரவு, மாட்யூலை மட்டும் இன்னொரு செல்லில் ஓட்டிப் பார்த்தேன். ஆடியோ ஒயர்களை மட்டும் ஆம்ப்ளிஃபையரில் விட்டுவைத்தேன். ஸ்பீக்கரில் காதை ஒட்டிவைத்துக் கேட்டேன். ஒன்றுமே கேட்கவில்லை! அந்த நிமிடம் வந்த சந்தோஷம் இன்னும் மறக்கவில்லை.

ஆக, தப்பு மாட்யூலின் கரண்ட் செல்லுக்குத் திரும்பும் கிரவுண்டு ஒயரில், அதாவது பொதுவான மைனஸ் ஒயரில். என் இணைப்பில் மாட்யூலின் மைனஸ் ஒரு நீள ஜம்பர் ஒயரில் ஆம்ப்ளிஃபையர் வரை வந்து, அங்கிருந்து செல்லுக்குப் போனது. பாட்டு சிக்னலுக்கும் அதே ஒயர்தான் கிரவுண்டு. ப்ளூடூத் ரேடியோ நேரத்தை 625 மைக்ரோ செகண்டு துண்டுகளாகப் பிரித்து, மாறிமாறி அனுப்புவதும் கேட்பதுமாக இருக்கும். அனுப்பும்போதெல்லாம் கரண்ட் குதிக்கும். அந்தக் குதிப்பு 30 மில்லி ஆம்பியர், ஒயரும் அதன் முனைகளும் சேர்ந்து 50 மில்லி ஓம் என்று வைத்துக்கொண்டால் 1.5 மில்லி வோல்ட். அதை ஆம்ப்ளிஃபையர் 16 மடங்கு பெருக்கினால் 24 மில்லி வோல்ட். அமைதியான அறையில் அது நன்றாகவே கேட்கும். ரெகுலேட்டர் ஏன் உதவவில்லை என்பதும் இப்போது புரிந்தது. அது பிளஸ் பக்கத்தைத்தான் சுத்தம் செய்தது.

சரி, எல்லாவற்றையும் பிரித்து மறுபடி சால்டர் செய்தேன். மாட்யூலை ஆம்ப்ளிஃபையருக்கு ஒட்டினாற்போல வைத்து, இரண்டின் மைனஸையும் விரல் நீளத்துக்கும் குறைவான தடித்த ஒயரில் சேர்த்தேன். செல்லின் மைனஸும் அங்கேயே ஆம்ப்ளிஃபையர் முனையில் வந்து சேர்கிறது. மாட்யூலுக்குப் போகும் பிளஸில் 4.7 ஓம் ரெசிஸ்டர், அதற்கு அடுத்து அந்த 1000 மைக்ரோஃபேரட் கெபாசிட்டர், பிறகு ரெகுலேட்டர். முன்பு செல் பக்கத்தில் அரைகுறையாக உதவிய கெபாசிட்டர், மாட்யூலின் காலடிக்கு வந்ததும் கரண்ட் குதிப்பையெல்லாம் அங்கேயே தாங்கிக்கொள்கிறது. 'டிர்ர்ர்' போய்விட்டது. காதை வைத்துக் கேட்டால் மட்டும் மெல்லிய 'ஸ்ஸ்' இருக்கிறது, அது ஆம்ப்ளிஃபையருடையது.

ஒரு எச்சரிக்கை: பிஏஎம்8403-இல் ஸ்பீக்கரின் மைனஸை கிரவுண்டோடு சேர்க்கவே கூடாது. அதன் இரண்டு முனைகளிலும் சிக்னல் ஓடுகிறது.

ரெசிஸ்டரில் கொஞ்சம் வோல்ட் விழுவதால், செல் 3.5-க்குக் கீழே போனால் மாட்யூலுக்கு முழு 3.3 கிடைக்காது. அங்கேயே நிறுத்திவிடுகிறேன். சார்ஜ் போர்டில் உள்ள பாதுகாப்பு சிப் 2.4 வோல்ட் வரை விட்டுவிடும், செல்லை அவ்வளவு தூரம் இறக்க எனக்கு மனமில்லை.

இன்னும் ஒரு வேலை பாக்கி. டிபி4056 சார்ஜ் கரண்ட் பத்தில் ஒரு பங்காகக் குறைந்ததும்தான் சார்ஜை முடிக்கும். பாட்டு ஓடிக்கொண்டே சார்ஜ் ஆனால், ஆம்ப்ளிஃபையரும் கரண்ட் இழுப்பதால் அந்தக் கணக்கு குழம்பும். சார்ஜ் ஏறும்போது ஸ்பீக்கரைத் துண்டிக்கும் இருவழி ஸ்விட்ச் ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன். பெட்டியில் அதற்கு இன்னும் துளை போடவில்லை.