நீலமலையில் காபிக்கு அப்பால்

ஜமைக்காவின் நீலமலைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் காபியோடு திரும்பிவிடுவதில் எனக்கு மெய்யான வருத்தம் உண்டு. அடிமைத்தளையிலிருந்து தப்பி, இம்மலைக்காடுகளில் மறைந்திருந்து ஆங்கிலேயப் படையோடு பல்லாண்டுகள் போரிட்ட மரூன் மக்கள், வேட்டையாடிய காட்டுப்பன்றியில் ஆல்ஸ்பைஸ் என்ற நறுமணக் காயும் மிளகாயும் தடவிக் குழித்தணலில் வாட்டிய முறையே இன்று உலகெங்கும் ஜெர்க் என்ற பெயரில் விற்கப்படுகிறது. போர்ட்லாந்து பகுதிச் சாலையோரக் கடைகளில் ஆல்ஸ்பைஸ் மரத்தின் பச்சைக் கட்டைகள் மீதே இறைச்சியைப் பரப்பித் தகரத்தால் மூடிவிடுகிறார்கள். அந்தப் புகைதான் காரத்துக்கு அடியில் கிராம்பு போன்ற மணமாகத் தங்குகிறது. 2,256 மீட்டர் உயரச் சிகரத்துக்கு நள்ளிரவு தாண்டி டார்ச் விளக்கோடு ஏறினால், வானம் தெளிந்த விடியலில் கியூபாகூடத் தெரியும். மரூன்களின் தலைவி நானியின் உருவம் ஜமைக்காவின் 500 டாலர் தாளில் இருக்கிறது. அவர் வழிவந்தோர் வாழும் மூர் டவுனுக்கு ஒரு நாளையாவது அவசியம் ஒதுக்குங்கள்.