புள்ளிருக்குவேளூரில் அம்மாவின் நேர்த்திக்கடன்

அம்மாவின் கணுக்காலில் நெடுநாள் ஆறாதிருந்த படை ஒருவாறு காய்ந்து உதிர்ந்ததும், வைத்தியநாதசுவாமிக்கு நேர்ந்துகொண்ட உப்பையும் மிளகையும் வெல்லத்தையும் இனித் தாமதிக்காமல் செலுத்திவிட வேண்டும் என்று அவர் புறப்பட்டுவிட்டார்.

மயிலாடுதுறையிலிருந்து சீர்காழிக்குச் செல்லும் இருப்புப்பாதையில் ஊர்ப்பெயர்களே தலபுராணம் சொல்லிக்கொண்டு வருகின்றன. அம்பிகை மயிலாக வந்து பூசித்ததால் மயிலாடுதுறை. தேவாரத்தில் இருந்த அந்தப் பெயர், மாயூரம் என்றும் மாயவரம் என்றும் வழங்கிய நெடுங்காலத்துக்குப் பின் 1982இல்தான் அதிகாரபூர்வமாக ஊருக்குத் திரும்பியது. அடுத்து ஆனந்ததாண்டவபுரம். அதன் பின் வைத்தீஸ்வரன்கோயில். ஈசன் இங்கே செய்யும் தொழிலை நிலையத்தின் பெயர்ப்பலகையே சொல்லிவிடுகிறது.

ஆயினும் சம்பந்தரும் அப்பரும் பாடிய பெயர் புள்ளிருக்குவேளூர். புள் என்பது இங்கே வழிபட்ட கழுகுகளான சடாயுவும் சம்பாதியும், இருக்கு என்பது வேதம், வேள் என்பது முருகன், ஊர் என்பது சூரியன் என்று தல மரபு பொருள் கூறும். இலக்கணம் கற்றவர்கள் ஊர் என்பதை ஊராகவே கொள்ளட்டும், எனக்குத் தல மரபே போதும். ஏனெனில், அந்த நீண்ட பெயருக்குள் இறைவன் தன்னை எங்கும் வைத்துக்கொள்ளவில்லை; வணங்க வந்தவர்களைக் கொண்டே ஊருக்குப் பெயர் அமைய விட்டிருக்கிறான், அதிலும் வேதத்துக்கும் தன் பிள்ளைக்கும் முன்பாக ஒரு கழுகுக்கு இடம் கொடுத்திருக்கிறான்.

ரயிலை விட்டு இறங்கியதுமே நாடி ஜோதிடத்துக்கு ஆள் பிடிப்பவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். பெருவிரல் ரேகையை வைத்தால் போதும், முற்பிறவி முழுவதும் ஓலையில் கிடைத்துவிடும் என்று சன்னிதித் தெரு வரை தொடர்ந்து வந்த ஒருவரிடம், இந்தப் பிறவிக்கே நேரம் போதவில்லை என்று அம்மா சற்றுக் கோபமாகவே சொன்னார். செவ்வாய்க்கிழமையாதலால் செவ்வாய்க் கிரகமான அங்காரகனுக்கு வந்த கூட்டம் வேறு. சித்தாமிர்த தீர்த்தத்தில் வெல்லத்தைக் கரைத்து, உப்பும் மிளகும் செலுத்தி முடிப்பதற்குள் உச்சி வெயில் ஏறிவிட்டது.

நெரிசலில் நகர்ந்து சடாயு குண்டத்தின் அருகே வந்தபோது அம்மா அப்படியே நின்றுவிட்டார். சீதைக்காக இராவணனோடு பொருது சிறகிழந்த சடாயுவுக்கு இராமன் ஈமக்கடன் செய்த இடம் இது என்பது இத்தலத்து வரலாறு. தசரதன் மறைந்தபோது வனத்திலிருந்ததால் பெற்ற தந்தைக்குக் கொள்ளி வைக்க வாய்க்காத பிள்ளை, ஒரு பறவையைத் தந்தையாகவே எண்ணி அந்தக் கடனை இங்கே செய்திருக்கிறான். அப்பா இறந்தபோது வெளிநாட்டிலிருந்து உரிய நேரத்தில் வந்து சேர முடியாமல் போன என் அண்ணனை நினைத்துக்கொண்டாரோ என்னவோ, குண்டத்துத் திருநீற்றைக் காலில் பூசிக்கொள்வதற்கு முன்னால் ஒரு சிட்டிகை எடுத்து அண்ணனுக்கென்று தாளில் மடித்து வைத்தார். பின்னாலிருந்தவர்கள் நகரச் சொல்லி இரைந்தார்கள். எனக்குக் கால் எழவில்லை. ஊரின் பெயரில் புள் முதலில் நிற்பதன் நியாயம் அந்த இடத்தில் எனக்கு நன்றாகவே விளங்கியது.

அதன் பிறகு செல்வமுத்துக்குமாரசுவாமியை எந்த வரிசையில் நின்று பார்த்தோம், தன்வந்திரியை எப்போது வலம்வந்தோம் என்பதெல்லாம் ஒழுங்காக நினைவில் இல்லை. 4448 நோய்களையும் தீர்க்கும் வைத்தியனுக்காகத் தைலப் பாத்திரம் ஏந்தி வந்த அம்பிகை தையல்நாயகியின் முன்னால் மருந்துப் பிரசாதமான திருச்சாந்துருண்டையை வாங்கிக்கொண்டு, இத்தனை பெரிய கூட்டத்திலும் எங்கள் வீட்டுக் கால்புண் வரைக்கும் கணக்கில் வைத்திருந்தாயே தாயே, அண்ணனின் மனப்புண்ணையும் நீதான் ஆற்ற வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அடுத்த நேர்த்திக்கடன் என் பெயரில் இருக்கிறது.