சுருள் வெட்டு

இறந்து கரை ஒதுங்கிய ஒரு சீலின் (கடல்நாயின்) படம் இன்று கண்ணில் பட்டது. கழுத்தில் தொடங்கி உடலைச் சுற்றிச் சுற்றி இறங்கும் ஒரே வெட்டு. கத்தி வைத்துக் கீறியதுபோல ஓரம் அவ்வளவு சுத்தம்.

ஸ்காட்லாந்துக் கரையில் இப்படிப் பல உடல்கள் ஒதுங்கின. கப்பலைத் தள்ளும் விசிறியில் சிக்கியிருக்கும் என்றுதான் ஆய்வாளர்கள் சந்தேகப்பட்டார்கள். பல் இப்படிக் கிழிக்கும் என்று யார்தான் நினைப்பார்கள்?

2014 டிசம்பரில், அங்குள்ள மே தீவில், வளர்ந்த ஆண் சாம்பல் சீல் ஒன்று தன் இனத்துக் குட்டிகளையே கொன்று கொழுப்பைத் தின்றதை நேரில் பார்த்தார்கள். குட்டிகளின் உடலில் அதே சுருள் வெட்டு.

ஜெர்மனியின் ஹெல்கோலாண்ட் தீவில் சாம்பல் சீல்கள் ஹார்பர் சீல் என்ற இன்னொரு இனத்தையும் வேட்டையாடுகின்றன. சீலுக்கு உறவான நியூசிலாந்துக் கடல் சிங்கம், அடர்ந்த ரோமமுள்ள ஃபர் சீலின் குட்டிகளைத் தின்னும்.

கப்பல்தான் காரணம் என்றால் விசிறியை மாற்றச் சொல்லலாம். கொல்வது இன்னொரு சீல் என்றால் யாரிடம் போய்ச் சொல்வது?

அண்டார்டிகாவின் லிவிங்ஸ்டன் தீவை நினைத்தால் மனசு கனக்கிறது. அங்கே பிறக்கும் ஃபர் சீல் குட்டிகளில் பாதிக்கும் மேல் சிறுத்தை சீல்களுக்கு இரையாகின்றன. கூட்டம் வேகமாகச் சுருங்குகிறது. சிறுத்தை சீலும் பசிக்குத்தான் தின்கிறது, அதன்மேல் எனக்குக் கோபமே வரவில்லை.